கருத்துக் கேட்கப் போகிறவர்கள் மேல் லயம் வரை ஏற வேண்டும்

மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் அடுத்த மூன்று வருடத் திட்டத்தை எழுதுமுன் மக்களிடம் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தால், இலங்கையின் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு மண்டபம் எடுப்பார்கள். வார நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம். தோட்டத் தலைவர் வருவார், கோயில் கமிட்டிக்காரர் வருவார், ஒரு ஆசிரியர் வருவார், ஏற்கெனவே நிறுவனத்திடம் ஏதாவது பெற்ற நாலைந்து பேர் வருவார்கள். மேல் லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கடைசிக் காம்பராவில் படுத்திருக்கும் பிள்ளையின் தாய் அந்த நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். கூட்டத்துக்கு வந்தால் அவருக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். பிள்ளையைப் பார்க்கவும் ஆள் இல்லை. கையெழுத்துத் தாள் நிறைந்துவிடும், படமும் எடுத்தாகிவிடும். எழுதப்படும் திட்டம் மட்டும், கீழே இறங்கி வர முடிந்தவர்களின் திட்டமாக இருக்கும்.

தோட்டங்களில் இந்த வேலையைச் செய்து பார்த்ததில் எது சரிவரும், எது பிழையாகும், ஏன் பிழையாகும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

காலத்தில் தொடங்குவோம். நன்கொடையாளருக்குத் திட்டத்தை அனுப்ப வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி நான்கு மாதம் எண்ணுங்கள். ஒரு மாதம் அனுமதிக்கும் பெயர்ப்பட்டியலுக்கும், ஒன்றரை மாதம் வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கும், மூன்று வாரம் எழுதுவதற்கும், மிச்சம் மக்களிடம் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுவதற்கும். மூன்று வாரத்தில் முடிக்கப் பார்த்தால் திட்டம் முன்பே எழுதப்பட்டிருக்கும், மக்கள் அதற்குத் தலையாட்ட மட்டும் வருவார்கள். அடுத்தது மழை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை மழை விடாது. அங்கே ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் வசதி. பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கூடும், ஞாயிறும் வேலை கொடுப்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரங்களையும் சம்பள நாளையும் விட்டுவிடுங்கள். ஆட்கள் டவுனில் இருப்பார்கள். ஞாயிறு காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம். வார நாளென்றால் மாலை ஐந்துக்குப் பிறகு. ஆனால் ஆறே காலுக்கு இருட்டிவிடும், டோர்ச் கையில் இருக்கட்டும்.

அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் போக வேண்டாம். பெரிய துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) இரண்டு வாரத்துக்கு முன் கடிதம், பிரதி சேமநல அதிகாரிக்கு. தொழிற்சங்கத் தலைவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று சங்கம் இருக்கும். ஒரு சங்கத் தலைவர் மட்டும் கூப்பிட்டால் மற்றச் சங்கத்து வீடுகள் "அது அவங்க கூட்டம்" என்று விலகிவிடும். அனுமதி கொடுத்த நிர்வாகத்தின் ஆள் யாரும் பேச்சின்போது பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே பணிவாக எழுதிவிடுவது நல்லது. இடமும் முக்கியம். கோயில் மண்டபம் பெரிதாக இருக்கும், ஆனால் வேதக்காரக் (கிறிஸ்தவ) குடும்பங்கள் தயங்கும், சாவு வீட்டுத் தீட்டு உள்ளவர்கள் வரமாட்டார்கள், மாதவிலக்கில் இருக்கும் பெண்களும் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று அவர்கள் யாரிடமும் சொல்லப் போவதுமில்லை. பிள்ளைக் காம்பரா, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம், எல்லாருக்கும் பொது. பெரும்பாலும் தரைமட்டத்தில் இருக்கும், கழிவறையும் பக்கத்தில் இருக்கும்.

பட்டியல்தான் பலர் கோட்டை விடும் இடம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுப்பனவு பெறுவோரின் பெயர்கள் இருக்கும், காத்திருப்போர் பெயர்களும் இருக்கும். அது தொடக்கம்தான். பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதவர் அதில் இருக்கமாட்டார், உதவி கூடுதலாகத் தேவைப்படுகிறவரும் பல நேரம் அவர்தான். ஆகவே தோட்ட வைத்திய உத்தியோகத்தர், மிட்வைஃப், பிள்ளைக் காம்பரா பொறுப்பாளர், பாடசாலையில் இடைவிலகிய பிள்ளைகளின் பதிவு என்று நாலு பக்கமும் தேடுங்கள். வெளியாட்கள் நினைத்தே பார்க்காத ஒன்று, மரண உதவிச் சங்கத்தின் சந்தாப் புத்தகம். எந்தக் காம்பராவில் எத்தனை தலை என்பது அந்தச் சங்கச் செயலாளருக்கு மனப்பாடம். அவரோடு ஒரு தேத்தண்ணி குடித்தால் அலுவலகப் பட்டியலில் இல்லாத பெயர்கள் வெளியே வரும்.

"உங்க வீட்ல ஊனமானவங்க யாராவது இருக்காங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்பார்கள். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் தம்பியைப் பற்றி வெளியாளிடம் சொல்லமாட்டார்கள். கண்ணில் புரை விழுந்து சுவரைத் தடவி நடக்கும் பாட்டியை ஊனமென்று யாரும் கணக்கெடுப்பதில்லை, அது வயசு. அதற்குப் பதில், மாற்றுத்திறன் புள்ளிவிவரத்துக்காக ஐ.நா.வின் கீழ் இயங்கும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா. கேட்கும் கருவி இருந்தாலும் கேட்கச் சிரமமா. நடக்க, படி ஏறச் சிரமமா. ஞாபகம் வைக்க, மனதை ஒருமுகப்படுத்தச் சிரமமா. குளிக்க, உடுத்தச் சிரமமா. மற்றவரோடு பேசிப் புரிந்துகொள்ளச் சிரமமா. ஒவ்வொன்றுக்கும் நாலு பதில்: இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகள் இந்த ஆறில் அகப்படாது. இரண்டு முதல் பதினேழு வயது வரைக்குத் தனிக் கேள்வித்தொகுப்பு 2016 முதல் இருக்கிறது, அதைத் தாயிடம் கேளுங்கள்.

பட்டியல் முழுமையா என்று பார்க்க ஒரு சுலபக் கணக்கு உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதம் பேருக்கு இப்படியான சிரமம் ஏதாவது ஒன்று இருப்பதாகப் பதிவானது. ஒரு டிவிஷனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) 150 குடும்பம், ஐந்து வயதுக்கு மேல் 550 பேர் என்றால் ஏறத்தாழ 48 பேர் வர வேண்டும். உங்கள் கையில் பன்னிரண்டு பெயர்தான் இருக்கிறதென்றால் மறுபடி லயத்துக்கு ஏறுங்கள். விடுபட்டவர்கள் பெரும்பாலும் காது கேளாதவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், பெண்கள்.

இனிக் கேள்வி. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் வீல்செயார், காசு, வீடு என்ற மூன்றுதான் பதில். மக்கள்மேல் பிழை இல்லை. இத்தனை வருடமாக வந்த நிறுவனங்கள் எதைக் கொடுத்தனவோ அதைத்தான் அவர்கள் கேட்கப் பழகியிருக்கிறார்கள். அதனால் நேற்றைப் பற்றிக் கேளுங்கள். நேற்றுக் காலையில் எழும்பினதிலிருந்து என்ன நடந்தது? முகம் கழுவத் தண்ணி யார் கொண்டுவந்தார்? கக்கூசுக்கு எத்தனை படி, யார் கூட்டிப்போனது? அம்மா பிரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போன பிறகு மத்தியானம் வரை யார் கூட இருந்தது? கடைசியாக லயத்தை விட்டு வெளியே போனது எப்போது, எங்கே? இப்படி அரைமணி நேரம் பேசினால் என்ன தேவை என்பது தானாக வெளிவரும், அது சொன்னவருக்கே புதிதாக இருக்கும்.

வீல்செயாரையே பாருங்கள். பல வீடுகளில் அது இஸ்தோப்பு (முன் திண்ணை) ஓரத்தில் மடித்து நிற்கும், மேலே விறகு அடுக்கியிருக்கும். நன்றி கெட்டதனமென்று யாரும் முடிவுகட்ட வேண்டாம், அளவுநாடாவை எடுங்கள். மடக்கும் வகை வண்டி விரித்தால் 25 அங்குலத்துக்குக் குறையாது. கை இடிபடாமல் உள்ளே போக 32 அங்குலமாவது வாசல் வேண்டும். பழைய லயக் கதவுகள் பலவற்றில் அது கிடைக்காது. முன்சில்லு சின்னது, கல் ரோட்டில் புதைந்து நின்றுவிடும். இஸ்தோப்பு தரையிலிருந்து இரண்டடி உயரமென்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுக் கணக்குப்படி சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும். வாசலோ கான் (வடிகால்) வரைக்கும் எட்டுப் பத்தடிதான். நேராகக் கட்ட வழியில்லை. லயத்தை ஒட்டிப் பக்கவாட்டாக, பக்கத்து இரண்டு வீட்டு வாசலைக் கடந்துதான் போட முடியும். ஆக, கருத்துக் கேட்க வேண்டியவர்கள் பட்டியலில் அந்த இரண்டு வீட்டாரும் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் உடுப்புக் காயப்போடும் இடம், விறகு பிளக்கும் இடம் எல்லாம் அதில் போகும். லயம் நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால் துரையின் எழுத்து அனுமதியும் தேவை. இத்தனையும் தெரியாமல் "சாய்தளம் 20" என்று திட்டத்தில் எழுதினால், வருடக் கடைசியில் மூன்று கட்டியிருப்பீர்கள்.

வீட்டுக்குப் போகும்போது இருவராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். போனவுடன் தாயோ அண்ணனோ பேசத் தொடங்குவார், "அவனுக்கு ஒன்னும் வெளங்காதுங்க" என்று. தடுக்க வேண்டாம், அவர்கள் சொல்லவும் நிறைய இருக்கிறது, கேட்க ஆளில்லாமல் கிடந்தவர்கள் அவர்கள். ஒருவர் வாசலில் தாயோடு உட்காரட்டும். மற்றவர் உள்ளே, கதவு திறந்தபடி, வீட்டார் கண்பார்வையில், மாற்றுத்திறனாளியோடு பேசட்டும். பெண்ணிடம் பெண்தான் பேச வேண்டும். பேச்சுக்கிடையில் அடி, பாலியல் தொல்லை பற்றி ஏதாவது வெளிவரலாம், வருகிறதும்தான். அதைக் கருத்துப் புத்தகத்தில் எழுதாதீர்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற அவசர இலக்கங்களும், உங்கள் நிறுவனத்தில் இதற்குப் பொறுப்பானவர் யார் என்பதும் போகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யாத நிறுவனம் வீடுகளுக்குள் நுழையவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

காது கேளாதவர்களில் பள்ளிக்குப் போகாதவருக்குச் சைகை மொழி தெரியாது. வீட்டுக்குள் மட்டும் விளங்கும் சைகைதான். டவுனிலிருந்து சைகை மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவந்தும் பலனில்லாமல் போவது இதனால்தான். தங்கையோ கூட விளையாடிய தோழனோ உதவுவார். இன்னும் நல்ல வழி, அவரோடு நடப்பது. காட்டச் சொல்லுங்கள். பைப்படியைக் காட்டுவார், ஸ்டோரை (தேயிலைத் தொழிற்சாலையை) காட்டித் தன் நெஞ்சில் தட்டுவார், அங்கே வேலை செய்ய ஆசை. மனவளர்ச்சி குன்றியவர்களிடம் ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமா வரும். அதே தோட்டத்தில் எடுத்த இரண்டு புகைப்படத்தைக் காட்டி ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள், பிறகு இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். இரண்டு தடவையும் ஒரே படத்தைத் தொட்டால் எழுதிக்கொள்ளலாம். இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

சொல்லும் கவனம். நொண்டி, ஊமை, செவிடு என்று வீட்டார் அன்பாகவே கூப்பிடுவார்கள். நீங்கள் திருத்தவும் வேண்டாம், திருப்பிச் சொல்லவும் வேண்டாம். பெயரைக் கேட்டுப் பெயரால் பேசுங்கள். மாற்றுத்திறனாளி என்றால் அது தம்மைத்தான் என்று வயதானவர் பலருக்குத் தெரியாது.

வீடுகளில் கேட்டு முடிந்ததும் ஒரு சின்னக் கூட்டம் வைக்கலாம், பிள்ளைக் காம்பராவில், பதினைந்து இருபது பேருக்கு மேல் வேண்டாம். இங்கே முன்னுரிமை தெரிவுசெய்ய எழுத்தே தேவையில்லை. ஆறு பால்மா டின். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைக் கட்டுங்கள்: பாதைக்கும் படிக்கும் ஒரு செருப்பு, மருத்துவத்துக்கு வெறும் மாத்திரை அட்டை, படிப்புக்குக் கொப்பி, தொழிலுக்கு ஒரு நாணயம், ஆவணங்களுக்கு அடையாள அட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, பகல் நேரப் பராமரிப்புக்குக் கரண்டி. கண் தெரியாதவர் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்வார். ஆளுக்குப் பத்து விதை. மாற்றுத்திறனாளிகளுக்குக் கௌபி, பராமரிப்பவர்களுக்குக் கடலை. இந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். எண்ணும்போது தாய்மாரின் கடலை கரண்டி டின்னில் குவிந்திருக்கும், ஒரு நாள் மூச்சுவிட வேண்டும் அவர்களுக்கு. கௌபி நாணய டின்னில் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் ஒருவர் குரல் மற்றவர் குரலை விழுங்கிவிடும்.

இதில் வழமையாக நடக்கும் பிழைகள் சில. மேசை உயரமாக இருந்தால் வீல்செயாரில் இருப்பவருக்கு எட்டாது; 75 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். திறந்த டின் என்றால் முன்னவர் போட்டதைப் பார்த்தே பின்னவர் போடுவார், ஆகவே மூடியில் ஓட்டை வெட்டி, விளிம்பை டேப் ஒட்டி மழுக்கி, துணி மறைப்புக்குள் ஒவ்வொருவராக விடுங்கள். தலைவர் முதலில் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடங்குமுன் உண்மையைச் சொல்லுங்கள். வருடத்துக்கு இவ்வளவு காசுதான் இருக்கிறது. வீடும் காணியும் எங்கள் கையில் இல்லை. கொடுப்பனவு அரசாங்கத்தின் முடிவு, விண்ணப்பத்துக்குத்தான் நாங்கள் உதவ முடியும் என்று. இதைச் சொல்லாமல் கேட்டுவிட்டுப் பிறகு கைவிரித்தால், அடுத்த தடவை யாரும் கதவு திறக்கமாட்டார்கள். அது நியாயம்.

போக்குவரத்துச் செலவை வந்து இறங்கியவுடனே கையில் கொடுங்கள், துணைக்கு வந்தவருக்கும் சேர்த்து. ஆட்டோக்காரர் வாசலில் காத்திருக்க, கூட்டம் முடியும் வரை கடனாளியாக உட்கார்ந்திருப்பவர் மனம்விட்டுப் பேசமாட்டார். மழைக்குப் பிறகு மேல் டிவிஷனுக்கு ஆட்டோ ஏறாது. அன்று கூட்டத்தைத் தள்ளிவையுங்கள், தூக்கிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள்.

நிறுவனத்திடம் ஏற்கெனவே உதவி பெறுபவர்களிடமிருந்து உண்மை வாங்குவது இன்னும் கடினம். குறை சொன்னால் மாதப் பொதி நின்றுவிடும் என்ற பயம் நியாயமானது. அவர்களிடம் வழக்கமாகப் போகும் உத்தியோகத்தர் போகக் கூடாது. வேறு டிவிஷன் ஆள் போகட்டும், பெயர் எழுத வேண்டாம். திருப்தியா என்று கேட்பதில் பயனில்லை. "இந்த நிறுவனம் நாளைக்கே மூடிட்டா உங்களுக்கு எது இல்லாமப் போகும்?" என்று கேளுங்கள். நீண்ட மௌனம் வந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாம் பெருமையாக நடத்தும் வேலை ஒன்று அங்கே பெயரே சொல்லப்படாமல் போகலாம். பிசியோதெரபி கிளினிக்கைச் சொல்லாமல், அங்கே போகும் வழியில் மற்றத் தாய்மாரோடு பேசக் கிடைத்த ஒரு மணி நேரத்தைச் சொல்வார்கள்.

இன்னொரு கேள்வி எந்தப் படிவத்திலும் இருப்பதில்லை, மலையகத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும். மழை இரவில் வீட்டை விட்டு வெளியேறச் சொன்னால் உங்களைத் தூக்குவது யார்? 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைகள் மறுபடி சரிந்தன. எச்சரிக்கை ஒலிபெருக்கியில் வரும். காது கேளாதவருக்கு அது வராது. தங்க வைக்கும் பாடசாலையில் கழிவறை பத்துப் படிக்குக் கீழே இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பெயர் வாங்குங்கள், பகலில் தூக்குபவர் ஒருவர், இரவில் தூக்குபவர் ஒருவர். பகலில் பெரியவர்கள் மலையில் இருப்பதால் முதல் பெயர் பல வீடுகளில் வெற்றிடமாகத்தான் வரும். அந்த வெற்றிடங்களை ஒரு தாளில் சேர்த்துக் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கொடுக்கத் திட்டம் அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே கொடுங்கள்.

எழுத உட்காரும்போது மக்கள் சொன்ன சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். "கக்கூசுக்குப் பயந்து தண்ணி குடிக்கிறதில்ல" என்று ஒரு பெண் சொன்னதை "சுகாதார வசதிகளின் போதாமை" என்று மாற்றினால், அவர் தாகத்தோடு இருப்பது தாளிலிருந்து மறைந்துவிடும். பிறகு ஒரு கட்டம் போடுங்கள்: டிவிஷன், ஆண் பெண், வயது, எந்த வகைச் சிரமம். நாற்பது பேரிடம் பேசியதில் இருபத்தைந்து பேர் நடக்கச் சிரமப்படும் ஆண்கள் என்று வந்தால் வேலை முடியவில்லை.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 4ஆம் உறுப்புரை, அவர்களைப் பற்றிய முடிவுகளில் அரசு அவர்களோடு, பிள்ளைகள் உட்பட, நெருங்கிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. அரசிடம் இதைக் கேட்கும் நிறுவனம் தன் வீட்டிலும் அப்படி நடக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் தோட்டத்து மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு இடமாவது கொடுங்கள். ஒருவர் மட்டுமென்றால் வாய் திறக்கமாட்டார். கூட்டம் கொழும்பில் வேண்டாம், அவர்கள் வந்து திரும்பக்கூடிய ஊரில் சனிக்கிழமை வையுங்கள். ஆவணங்கள் தமிழில் ஒரு வாரம் முந்திக் கிடைக்கட்டும், கண் தெரியாதவருக்குக் குரல் பதிவாக.

கேட்டு முடித்த ஆறு வாரத்துக்குள் திரும்பிப் போக வேண்டும், திட்டம் இன்னும் வரைவாக இருக்கும்போதே. ஒரு பக்கம் போதும், 18 புள்ளி எழுத்தில். நீங்கள் சொன்னது, நாங்கள் செய்யப் போவது, செய்ய முடியாதது, ஏன் முடியாது. கடைசிப் பகுதியைச் சுருக்காதீர்கள், அதைத்தான் எல்லாரும் கவனமாகக் கேட்பார்கள். அதையே மூன்று நிமிடக் குரல் பதிவாக்கி வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தோட்டத்து மாற்றுத்திறனாளி ஒருவரே வாசிக்கட்டும், வாசித்ததற்குப் பணம் கொடுங்கள். போன் இல்லாத வீடுகளுக்கும், கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கும் நடந்துதான் போக வேண்டும். முதலில் போன அதே ஆள், அதே கொப்பியோடு போனால், "போன தடவ இதச் சொன்னேன்ல" என்று அவர்களே தொடங்குவார்கள். பிழையாக எழுதியிருந்தால் அங்கேயே வெட்டித் திருத்துங்கள், அவர்கள் பார்க்கும்படி. தாளின் அடியில் அடுத்து வரும் தேதியும், ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். மிஸ்ட் கோல் கொடுத்தால் மாலை ஆறுக்குப் பிறகு திருப்பி எடுக்க, தோட்டத் தமிழ் பேசும் ஒருவர் அந்த இலக்கத்துக்குப் பொறுப்பாக இருக்கட்டும். காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை எடுக்கும் போனால் மலையில் இருக்கும் தாய்க்குப் பயனில்லை.